சைக்கிள் மிதிக்க விமானம் ஏற வேண்டுமா?

காலை நடை முடிந்ததும் காந்தி சிலைப் பக்கம் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் அங்கே என் தங்கை மகனைப் பற்றிச் சொன்னேன். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். மார்ச் கடைசியில் விமானம் ஏறி ஸ்பெயின் நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போய், அங்கே வாடகைக்கு சைக்கிள் எடுத்து, ஒரு வாரம் மலைச்சாலையில் மிதித்துவிட்டுத் திரும்பப் போகிறான். சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு. "சைக்கிள் மிதிக்கவா சார் பாஸ்போர்ட்டு?" என்றார் ஒருவர். "வெயில்தானே வேணும், இங்க வரச்சொல்லுங்க. காசில்லாமலே காயலாம்" என்றார் இன்னொருவர்.

அன்றைக்கு நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். வந்த பிறகுதான் கோபம் வந்தது. அதனால் இதை எழுதுகிறேன், அவர்களும் படிப்பார்கள்.

அவனுக்கு வயது 49. அவன் அப்பா, என் மச்சான், சொல்தா குடும்பம். பிரான்சில் வேலை, வீடு, கார் எல்லாம் இருந்தது, நடை மட்டும் இல்லை. சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய், கடைசி இரண்டு வருடம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 54 வயதில் போய்விட்டார். மகனுக்கு 45-இல் சர்க்கரை கண்டது. அவன் அன்றே ஒரு சைக்கிள் வாங்கினான். இன்று மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. இது அவனுடைய டாக்டர் சொன்ன கணக்கு, என்னுடையது அல்ல.

என் தங்கை இங்கேதான் இருக்கிறாள். "அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பான். அந்தக் காசுல இந்த வீட்டு மாடியத் தளம் போட்டுடலாம்" என்று அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், தடுக்கத்தான் போன் செய்தேன். அவன் வாதாடவில்லை. "மாமா, பிளான் அனுப்பறேன், பாருங்க" என்றான். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனிடம் தாளை நீட்டினால் படிக்காமல் இருப்பேனா?

முதலில் அந்த 'இங்கே வரலாமே' பேச்சை எடுத்துக்கொள்கிறேன். எங்கே ஓட்டுவான்? நம் ஊர் ஒரு காலத்தில் சைக்கிள் ஊர். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டிய தலைமுறை நாம். இன்று கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்துகிறார்கள். அந்த நேரம் தவிர உங்கள் பேரனை சைக்கிளில் தனியாக அனுப்புவீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் உரசிக்கொண்டு போகிற காற்றிலேயே ஆள் கவிழ்ந்துவிடுவான். ஸ்பெயினில் சைக்கிளை முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். மேலும் நம்மிடம் மேடு ஏது? செஞ்சியில் மலை உண்டு, ஏறுவதற்குப் படிதான் உண்டு. மலைச்சாலை வேண்டுமென்றால் சேலம் தாண்டி ஏற்காடு போக வேண்டும். வெயில் என்று அவன் தேடுவதும் நம் வெயில் அல்ல. மழையும் ஈரமுமாக விரல் மரத்துப்போகிற ஊரிலிருந்து வருகிறவனுக்குப் பதினாறு, பதினேழு டிகிரி போதும். நம் மார்ச் மாதத்தில் நான்கு மணி நேரம் மிதித்தால் பயிற்சியா அது, தண்டனை.

அந்தத் தீவு மயோர்க்கா. எங்கள் பிரெஞ்சுப் பள்ளிப் புத்தகத்தில் மஜோர்க். பாரிசிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பறந்தால் பால்மா. தீவின் ஒரு பக்கம் சமவெளி, மறுபக்கம் திராமுந்தானா மலைத்தொடர். 2011-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தொழில்முறைப் பந்தயக்காரர்களே குளிர்காலத்தில் அங்கே போய்த்தான் காலைத் தயார்செய்கிறார்கள். மலையில் சா கலோப்ரா என்று ஒரு சாலை, 1932-இல் பரியெத்தி என்ற பொறியாளர் போட்டது. பாம்பு போல வளைந்து ஓரிடத்தில் தன் மேலேயே ஏறிக் கடந்து, கடற்கரை வரை இறங்குகிறது. அங்கிருந்து சைக்கிள்காரன் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒன்பதரை கிலோமீட்டர், சராசரி ஏழு சதவீத ஏற்றம். கடன் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பிறகு அடைப்பதைப் போல, முதலில் இறங்கிவிட்டு அப்புறம் ஏற வேண்டிய மலை!

நம் மருமகப்பிள்ளை இந்த மலையை இரண்டாம் நாளே வைத்திருந்தான். தங்குகிற பொயென்சா துறைமுகத்திலிருந்து போய்வர 90 கிலோமீட்டருக்குப் பக்கம். மொத்தம் ஆறு நாள், ஓய்வில்லாமல் 560 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அவன் வாரத்துக்கு ஓட்டுவது 120. எனக்கு சைக்கிள் பந்தயம் தெரியாது. ஆனால் 120 சம்பளத்தில் 560 செலவு செய்கிறவன் என்ன ஆவான் என்று தெரியும். சிவப்பு மசியை எடுத்தேன்.

முதல் நாள் கடலோரமாக அல்குதியா பக்கம், சும்மா காலை நீட்ட. அடுத்து சமவெளியில் பெத்ரா ஊர்ச் சதுக்கம்வரை போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவது. மூன்றாம் நாள் லூக் மடாலயம்வரை நடுத்தர ஏற்றம். நான்காம் நாள் சைக்கிளைத் தொடக்கூடாது. ஐந்தாம் நாள்தான் சா கலோப்ரா. கடைசி நாள் ஃபோர்மெந்தோர் கலங்கரை விளக்கம். மொத்தம் 380. புறப்படுவதற்கு முன் பத்து வாரம் இருக்கிறது, வாரா வாரம் கொஞ்சம் கூட்டு, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறை, கிளம்புகிற வாரம் லேசாக வைத்துக்கொள் என்றும் எழுதினேன். அவன் சங்கத்துப் பயிற்சியாளரும் ஏறக்குறைய இதையே சொன்னாராம். அதற்குப் பிறகுதான் என் திருத்தத்தை ஒப்புக்கொண்டான். பரவாயில்லை.

இன்னும் சில குறிப்புகள் சேர்த்தேன். சைக்கிளை வாடகைக்கு எடுத்தாலும் பெடல், ஷூ, ஹெல்மெட், சீட் உன்னுடையதைக் கொண்டு போ. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதே. நம் ஊர் சைக்கிள் கடைப் பையனுக்குத் தெரிந்தது பாரிஸ்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலையில் சுரங்கப்பாதை உண்டு, விளக்கு வேண்டும். மாத்திரையும் குளுக்கோஸும் கைப்பையில், விமானத்தின் வயிற்றில் போடுகிற பெட்டியில் அல்ல. ஐரோப்பிய மருத்துவக் காப்பு அட்டை இலவசம், மறக்காமல் எழுதி வாங்கு. மழைச்சட்டையும் எடு. ஷோப்பேன் நுரையீரலுக்கு நல்லதென்று 1838-இல் குளிர்காலத்தைக் கழிக்க அந்தத் தீவுக்குத்தான் போனார். மழையில் நனைந்து உடம்பு மோசமானதுதான் மிச்சம். கூடப் போன ழோர்ஜ் சாந்த் அம்மையார் கோபத்தில் ஒரு புத்தகமே எழுதினார். தீவுக்காரர்கள் இன்றும் அதை விற்கிறார்களாம்!

இனி அந்தக் காசுப் பேச்சு. நண்பர்களே, நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு வேளைப் பந்திக்கு எவ்வளவு போகிறது? மேடைப் பூவுக்கு எவ்வளவு? மறுநாள் காலையில் குப்பை வண்டியில் ஏறுகிற பூ. அதைப் பற்றி நம் கூட்டத்தில் யாரும் சிரித்ததில்லை. பிரான்சிலிருந்து வருகிற பிள்ளை வீடு கட்டினால் கெட்டிக்காரன், செயின் வாங்கினால் பாசக்காரன், தன் உடம்புக்கு ஒரு வாரம் செலவழித்தால் கிறுக்கனா? மச்சான் ஒரு வீடு கட்டினார். அதன் மாடிக்குத்தான் இப்போது தளம் கேட்கிறாள் தங்கை. அவர் அந்த வீட்டில் மொத்தம் நாற்பது நாள் கூட இருந்ததில்லை.

வயதைச் சொன்னவர்களும் உண்டு. 1964-இல் ஆன்க்தில், புலிதோர் இருவரும் மலையில் தோளோடு தோள் இடித்து ஏறிய படத்தை எங்கள் முசே வகுப்புச் சுவரில் ஒட்டினார். புலிதோர் 55 விநாடியில் தோற்றார். அதன் பிறகு நாற்பது வயதிலும் பந்தயம் ஓடினார், எவரும் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. இவன் பந்தயத்துக்குக்கூடப் போகவில்லை. இதயப் பரிசோதனை முடித்து, டாக்டர் கையெழுத்து வாங்கி, சர்க்கரையை விரட்டப் போகிறான்.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீயும் அவங்கூடச் சேந்துக்கிட்டியா" என்று போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் பேச்சில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். அந்தத் தீவில் சோறு கிடைக்குமா என்று கேட்டாள். ஸ்பெயின்காரர்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள்தான், கவலைப்படாதே என்றேன்.

"அவனுக்குச் சோறு ஆகாதே அண்ணே" என்றாள்.