சிமென்ட் மூட்டையைப் படித்திருக்கிறீர்களா?



நம் புதுக்கோட்டையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருக்கும். சிமென்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அரியலூர்ப் பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த கல்லைத்தான் இன்று அங்குள்ள ஆலைகள் வெட்டி எடுக்கின்றன.

சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் என்ன கிடைக்கும்? "சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். அந்த வாயு எங்கே போகிறது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை! தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகிப் பறந்துவிடும். கையில் மிஞ்சுவது 56 கிலோதான்.

ஆலைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. நிலக்கரியை அடியோடு நிறுத்தினாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 சதவீதம் சிமென்டால் வருகிறது. பூமி சூடாவதில் அதற்கும் பங்கு உண்டு.

அப்படியானால் வீடே கட்டக்கூடாதா? ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. வேறு வழி இருக்கிறது.

சூளையிலிருந்து வெளிவரும் உருண்டைகளுக்குக் 'கிளிங்கர்' என்று பெயர். இதைத்தான் அரைத்துச் சிமென்ட் ஆக்குகிறார்கள். கிளிங்கரைக் குறைத்தால் வாயுவும் குறையும். அதற்குப் பதிலாக மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல் மின் நிலையங்களில் மலைபோல் குவியும் சாம்பலைக் கலக்கலாம். இந்தச் சாம்பலை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்று 1999-இல் மத்திய அரசு ஆணையிட்டது. 'பி.பி.சி.' வகைச் சிமென்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க அனுமதி உண்டு.

"சாம்பலா? வீடு நிற்குமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நன்றாக நிற்கும். முதலில் மெதுவாக இறுகி, நாளாக நாளாக வலுப்பெறும். தண்ணீர் ஊற்றுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் சாம்பலும் குறையுமே! அதற்கும் விஞ்ஞானிகள் வழி கண்டிருக்கிறார்கள். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்தால் கிளிங்கர் பாதியளவு போதும். களிமண்ணைச் சுட சுமார் 800 டிகிரி போதும். அதிலிருந்து கரியமில வாயுவும் வராது. இதற்கு 2023-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. நார்வேயில் பிரெவிக் என்ற ஊரில் 2025 முதல் ஆலை வாயுவைப் பிடித்துக் கடலடிக்குக் கீழே புதைக்கிறார்கள். செலவு அதிகம், நம் ஊருக்கு உடனே வராது.

ஆனால் சாம்பல் கலந்த சிமென்ட் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. பக்கத்தில் வீடு கட்டுகிறார்களா? மூட்டையைப் பாருங்கள். 'பி.பி.சி.' என்று இருக்கிறதா, 'ஓ.பி.சி.' என்று இருக்கிறதா? பூச்சு வேலைக்கு ஏன் இதை வாங்கினீர்கள் என்று மேஸ்திரி மாமாவிடமே கேளுங்கள்.