ஃபாரின் எம்பிபிஎஸ்ஸைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி: ஒரு நீள திரெட்

1/ "ஃபாரின்ல படிச்சவனுக்கு ஈசிஜி பார்க்கத் தெரியாது." டாக்டர்கள் குரூப்கள்ல இந்த மீம் அடிக்கடி சுத்துது. நான் இங்கேயே படிச்ச எம்பிபிஎஸ்தான். ராமநாதபுரம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில டூட்டி பார்க்கிறேன். அதனால தைரியமாவே கேட்கிறேன்: அவங்களுக்கு ஈசிஜி சொல்லித்தர வேண்டிய இடத்துல நாம என்ன பண்றோம்?

2/ எங்க ஊருக்கு இது உயிர்ப் பிரச்சனை. ராமேஸ்வரம் ஒரு தீவு. அங்கிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 170. ராத்திரி கடல்ல இருக்கிற மீனவருக்கு நெஞ்சு வலின்னா, முதல்ல படகு கரைக்கு வரணும். அக்னி தீர்த்தத்துல குளிச்சிட்டு 22 தீர்த்தம் ஆட வந்த வடநாட்டுப் பெரியவருக்கு வலின்னா, அவர் சொல்றதே நமக்குப் புரியாது.

3/ இவங்களை முதல்ல பார்க்கிறது கார்டியாலஜிஸ்ட் இல்லை. டூட்டி எம்பிபிஎஸ் டாக்டர், இல்லேன்னா சிஆர்ஆர்ஐ. கேத் லேப் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, நோயாளி வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துப் படிக்க வேண்டியது அந்த ஆள்தான். "வாய்வுப் பிடிப்பு"ன்னு ஊசி போட்டு அனுப்பறதா, அட்டாக்குன்னு பிடிச்சு வைக்கிறதா? முடிவு அங்கேதான் நடக்குது.

4/ ஸ்டெமி வகை மாரடைப்புல 120 நிமிஷத்துக்குள்ள ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதுன்னா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை அங்கேயே போட்டுட்டு அனுப்பணும். வலி ஆரம்பிச்ச 12 மணி நேரத்துக்குள்ள போடலாம். ஆனா முதல் 2-3 மணி நேரம்தான் தங்கம்.

5/ இதெல்லாம் அமெரிக்காக் கதை இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோட கோத்து நம்ம தமிழ்நாட்டுலயே செஞ்சு பார்த்தாங்க. 2017-ல ஜாமா கார்டியாலஜி இதழ்ல வந்தது. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6%-லிருந்து 14.2% ஆனாங்க. 2023-ல "இதயம் காப்போம்" திட்டம் மூலமா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வந்தாச்சு. மாத்திரை வந்துடுச்சு. யாருக்குக் கொடுக்கணும்னு கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் பயிற்சி இல்லை.

6/ இப்ப ஃபாரின் கிராஜுவேட்டோட பாதையைப் பாருங்க. 2018-லிருந்து வெளிநாடு போகவே நீட் தேறணும். படிச்சிட்டு வந்தா எஃப்எம்ஜிஇ. 300 கேள்வி, 150 மார்க் எடுத்தா பாஸ். மொத்தமும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விதான். ஒரு நோயாளியோட நாடியைக்கூடத் தொட வேண்டாம்.

7/ அடுத்தது இன்டர்ன்ஷிப். 2021 விதிப்படி 12 மாசத்துல சமூக மருத்துவம் 12 வாரம், பொது மருத்துவம் 6 வாரம், எமர்ஜென்சி 2 வாரம். கட்டாயப் போஸ்டிங்ல கார்டியாலஜிக்குன்னு தனி வரியே கிடையாது.

8/ "நமக்கும் அதே விதிதானே?" ஆமா. ஆனா நாம ரெண்டாம் வருஷத்துலேருந்தே வார்டுல நின்னோம். தமிழ்ல கேஸ் கேட்டோம், மர்மர் கேட்டோம். அவங்கள்ல நிறைய பேருக்குப் பாடம் ஆங்கிலத்துல, நோயாளி பேசினது ரஷ்ய மொழியிலயோ ஜார்ஜிய மொழியிலயோ. நோயாளியோட மனசு விட்டுப் பேசி, தொட்டுப் பார்க்கிற முதல் வாய்ப்பே இந்த இன்டர்ன்ஷிப்தான்.

9/ அந்த வாய்ப்புல என்ன வேலை கொடுக்கிறோம்? ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டு போ. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிட்டு வா. டிஸ்சார்ஜ் எழுது. ஸ்ட்ரெச்சர் தள்ளு. ஈசிஜி லீடு ஒட்டுவாங்க, பேப்பரைக் கிழிச்சுக் கொடுப்பாங்க. அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு உட்கார வைச்சு யாரும் சொல்றதில்லை. கடைசி நாள் லாக்புக்ல கையெழுத்து மட்டும் கரெக்டா விழும்.

10/ இந்த இடத்துக்கே கியூ. 2022-ல என்எம்சி போட்ட வரம்பு, கல்லூரியோட மொத்த இடத்துல 7.5%. உக்ரைன் போர்ல பாதியில திரும்பின கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கு 2023-ல ரெண்டு வருஷ இன்டர்ன்ஷிப்னு முடிவாச்சு, அதுல முதல் வருஷம் உதவித்தொகை இல்லாம. காசும் இல்லை, பாடமும் இல்லைன்னா அதுக்குப் பேர் பயிற்சியா?

11/ இந்த ஓட்டையில ஒரு வியாபாரம் நுழைஞ்சிருக்கு. "கார்டியாலஜி அப்சர்வர்ஷிப், சான்றிதழ் உண்டு"ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வருது. அமெரிக்கா போக நினைக்கிறவங்களுக்கும் இதே கதைதான். பணம் கட்டி, கை கட்டி, கன்சல்டன்ட் பின்னாடி நின்னு பார்த்துட்டு வரணும். எக்கோ அறையில பத்து நாள் நின்னவருக்கு நடுராத்திரி பிபி இறங்கற நோயாளியைக் காப்பாத்த வராது. பார்க்கிறது வேற, பண்றது வேற.

12/ "பல தடவை எஃப்எம்ஜிஇ எழுதினதுல கால்வாசிப் பேர்கூடத் தேறலையே சார்?" உண்மை. ஆனா தேறாதவங்க இன்டர்னா வரப்போறதில்லை. நம்ம கேஷுவாலிட்டியில நிக்கிறது தேறினவங்க. "தரம் குறையும், நோயாளி உயிர் முக்கியம்." அதையேதான் நானும் சொல்றேன். நாளைக்கு தங்கச்சிமடத்துலயோ தொண்டியிலயோ தனியா டூட்டி பார்க்கப் போறவரை இன்னிக்குச் சொல்லித்தராம அனுப்பறதுதான் நோயாளிக்குப் பண்ற துரோகம்.

13/ என்ன பண்ணலாம்? இன்டர்ன்ஷிப்புக்குள்ளேயே கட்டாயமா 4 வாரம் இதயப் போஸ்டிங். இங்கே படிச்சவங்களுக்கும் சேர்த்து.
• 100 ஈசிஜி படிக்கணும். ஒவ்வொண்ணையும் சீனியர் திருத்தணும்.
• கீழ்ப்பக்க அட்டாக்குன்னா வலதுபக்க லீடும் எடுக்கணும். பிபி பார்க்காம நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. இது கை தானா செய்யற பழக்கமா ஆகணும்.
• ஸ்ட்ரெப்டோகைனேஸ் போடறதை முதல்லேருந்து கடைசி வரை கூட நின்னு பார்த்துக்கணும். யாருக்குப் போடக்கூடாது, பிபி இறங்கினா என்ன செய்யணும், எல்லாமே.
• மூச்சு வாங்குதுன்னு வர்ற கர்ப்பிணியோட நெஞ்சுல ஸ்டெத் வைச்சு மைட்ரல் வால்வு சுருக்கத்தைக் கண்டுபிடிக்கணும்.
• கடைசியில நோயாளியை வைச்சே பரீட்சை.
• எல்லா இன்டர்னுக்கும் ஒரே உதவித்தொகை.

14/ இதுக்கு சென்னை போக வேண்டாம். 2022 ஜனவரியில திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில 100 சீட் இருக்கு. நெஞ்சு வலியோட வர்றவங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. "சீனியருக்கு நேரம் இல்லை"ங்கிறது நியாயமான பதில். அப்ப ஆள் போடச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்போம். இன்டர்னை ஏன் கிண்டல் பண்ணணும்?

15/ மீம் ஷேர் பண்ற சீனியர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த டூட்டியில உங்க ஃபாரின் இன்டர்னைக் கூப்பிட்டு, பேர் சொல்லி, பக்கத்துல உட்கார வைச்சு ஒரு ஈசிஜி சொல்லிக் கொடுங்க. 5 நிமிஷம் ஆகும். ராமேஸ்வரத்துலேருந்து வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.