சினையாகுபெயரும் கணிப்பொறியும்

வெற்றிலை நட்டான் என்கிறோம். அவன் நட்டது இலையையன்று, கொடியை. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவருவதால் இலக்கணம் இதனைச் சினையாகுபெயர் என்கிறது. அன்று 'பென்டியம் வாங்கினேன்' என்று பெருமைப்பட்டவரும், இன்று 'ஐ5 காட்டுங்கள்' என்று கடையில் கேட்பவரும் அறியாமலே இவ்விலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். புராசசர் எனப்படும் நுண்செயலி கணிப்பொறியின் ஓர் உறுப்பு மட்டுமே. அதன் பெயரால் முழுப்பொறியையும் சுட்டுவதில் பேச்சளவில் தீங்கில்லை. பணம் எண்ணிக் கொடுக்கும்போது உண்டு.

இந்த ஆகுபெயர் தானாக வழக்கில் வந்ததன்று. 1980-களில் 286, 386 என்னும் எண்களே நுண்செயலிகளின் பெயர்கள். இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியும் அவ்வெண்களிலேயே விற்றது. '386' இன்டெல்லுக்கு மட்டும் உரிய வணிகக்குறியாகாது என்று 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டில் 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் பிறந்தது. 1993-இல் பென்டியம் வந்தது. ஐந்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஐந்தாம் தலைமுறைக்கு இட்ட பெயர் அது. ஆகவே காரணப்பெயர் எனலாம். 2009-இல் வந்த ஐ5-இன் ஐந்துக்கு அப்படியொரு காரணமும் இல்லை, வெறும் இடுகுறி. 2017-இல் ரைசனைக் கொண்டுவந்த ஏஎம்டியும் அதே 3, 5, 7 எண்களை எடுத்துக்கொண்டது.

இதனால் நேர்வது என்ன? 2013-இன் ஐ5-ஐவிட 2022-இன் ஐ3 வேகமானது. ஆயினும் பிள்ளையின் படிப்புக்கென்று பழைய பொறி தேடும் குடும்பம் 'ஐ5' என்ற ஒட்டுத்தாளைக் கண்டு மயங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். அந்தப் பழைய ஐ5 நான்காம் தலைமுறை. ஏஎம்டியும் சளைத்ததன்று. 2022-இல் வந்த 'ரைசன் 5 7520யு' மடிக்கணினிக்கானது. எண்ணோ புதியது; உள்ளிருக்கும் வடிவமைப்போ 2019-ஐச் சேர்ந்தது. மூன்றாவது இலக்கமான 2 அதனைச் சொல்கிறது. அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

'ஏஎம்டி சூடாகும்' என்று இன்றும் ஓதுவோர், 2004-இன் பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 சூட்டுக்கே பெயர்பெற்றது என்பதைச் சொல்வதில்லை. 'இன்டெல் நம்பகமானது' என்போருக்கு 2024 ஒரு பாடம். பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்தன. அவற்றின் உத்தரவாதத்தை இன்டெல் ஈராண்டு நீட்டிக்க நேர்ந்தது. இருவரும் மாறிமாறி முந்தியிருக்கிறார்கள். 2003-இல் மேசைக்கணினிக்கு ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் முறையை இன்டெல் மறு ஆண்டு பின்பற்றியது. 2006-இல் கோர் 2 டுவோ இன்டெல்லை மீண்டும் முன்னிறுத்தியது. நெடுங்காலம் வீட்டுக் கணினிக்கு நான்கு கோர் போதுமென்றிருந்த இன்டெல், 2017-இல் எட்டுக் கோர் ரைசன் வந்த ஆண்டிலேயே ஆறு கோர் தந்தது. எனவே நாம் பற்றுவைக்க வேண்டியது இந்நிறுவனங்களின்மீதன்று, இவற்றின் போட்டியின்மீது.

வாங்குவோர் பெயரைக் கேட்குமுன் தலைமுறையைக் கேட்கட்டும்; மாதிரி எண்ணை முழுவதும் படிக்கட்டும். இன்டெல் எண்ணின் ஈற்றில் 'எஃப்' இருந்தால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இல்லை. தனி அட்டைக்கு வேறு செலவாகும். எழுத்துப்பணிக்கும் இணையத்துக்கும் பாடத்துக்கும் இடைநிலைச் செயலியே போதும். மிச்சப்படும் பணம் 16 ஜிபி ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போகட்டும். உயர்ந்த செயலியைப் பழைய சுழலும் வன்தட்டோடு பூட்டுவது, பந்தயக் குதிரையைக் கட்டைவண்டியில் பூட்டுவதாகும்.

நூலின் அட்டையைப் பார்த்து மதிப்புரை எழுதுபவரை நாம் மன்னிப்பதில்லை. கணிப்பொறிக் கடையிலும் அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டும்.