காலும் அரையும் முக்கால்... அப்போ 0.25-ம் 0.5-ம் எவ்வளவு?

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலையில் அம்மாவோடு காய்கறி வாங்க வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், கால் கிலோ பீன்ஸும் அரை கிலோ கேரட்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 'முக்கால் கிலோ' என்று பட்டென்று பதில் வரும். அதையே 0.25 + 0.5 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தால்? 0.30 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய.

என்ன நடக்குது? முழு எண்களை வலது ஓரம் ஒட்டி எழுதிக் கூட்டித்தான் பழக்கம். அதே பழக்கத்தில் 0.25-ல் இருக்கும் 5-க்குக் கீழே 0.5-ன் 5-ஐ வைத்துவிடுகிறார்கள். ஒன்று நூறில் ஐந்து, இன்னொன்று பத்தில் ஐந்து. ரெண்டும் ஒண்ணா? போதாததுக்கு, 'பாயிண்ட் ட்வென்டி ஃபைவ்' என்று வாசிக்கப் பழக்குகிறோம். 25 பெருசு, 5 சிறுசு. அப்போ 0.25 தானே பெருசு என்று பிள்ளை நினைப்பதில் தப்பே இல்லை.

'புள்ளிக்கு நேரா புள்ளி வை' என்று ஒரே வரியில் முடித்துவிடும் டியூஷன் வகுப்புகள் உண்டு. விதி சரிதான். ஆனால் 3 − 0.75 வந்தால் மாட்டிக்கொள்ளும். 3-ல் புள்ளியே இல்லையே! 75-ஐ அப்படியே கீழே இறக்கி, 3.75 என்று விடை எழுதுவார்கள். மூணு கிலோ அரிசியில் முக்கால் கிலோ பொங்கிய பிறகு, மிச்சம் மூன்றே முக்கால் கிலோ. (அப்படி ஒரு அரிசி மூட்டை கிடைத்தால் தாம்பரமே வரிசையில் நிற்கும்.)

முன்பு இந்த வேலையைச் சில்லறை செய்தது. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா. அதன்பிறகு 100 பைசா. தசமம் கைக்கே வந்தது. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போயின. இன்று க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணி வளரும் பிள்ளைக்கு 'ரெண்டு ரூபாய் இருபத்தைந்து பைசா' என்று உதாரணம் சொன்னால், அதற்கே தனியாக விளக்கம் தேவைப்படும்.

காய்கறிக் கடை டிஜிட்டல் தராசை விட நல்ல ஆசிரியர் கிடையாது. கால் கிலோ 0.250, அரை கிலோ 0.500. புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இடம், காலி இடத்தில் பூஜ்யம். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் காலையும் அரையையும் முதலில் எழுத வையுங்கள். பிறகு பூஜ்யம் போட்டு இடத்தை நிரப்பட்டும். 3.000 − 0.750 தானாகவே 2.250 ஆகிவிடும். விதியை அதற்குப் பிறகு சொன்னால் போதும். சதவீதமும் வட்டியும் இதன் மேல்தான் வரப்போகின்றன.

கிரிக்கெட்டை மட்டும் உதாரணத்துக்கு இழுக்காதீர்கள். 3.4 ஓவரும் 2.5 ஓவரும் சேர்ந்தால் 6.3 ஓவர். அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் பங்கு இல்லை, பந்து.