மரடோனா மீது முடியாத வழக்கு

1986-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, மெக்ஸிகோ நகரத்து ஆஸ்டெகா மைதானத்தின் உச்சி வெயிலில், 1,14,580 பேர் பார்த்திருக்க, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் உலகக் கோப்பைக் கால் இறுதியில் மோதின. அந்த ஆட்டத்தின் 51-ஆவது நிமிஷத்தில் டியேகோ மரடோனா கையால் ஒரு கோலையும், 55-ஆவது நிமிஷத்தில் காலால் ஒரு கோலையும் போட்டார். 2020 நவம்பர் 25 அன்று 60 வயதில் அவர் காலமான பிறகும் அந்த நான்கு நிமிஷத்தைப் பற்றிய சர்ச்சை மட்டும் ஓய்ந்தபாடில்லை. கையால் போட்டதைச் சொல்லுகிறவர் காலால் போட்டதை மறக்கப் பார்ப்பதும், காலால் போட்டதைக் கொண்டாடுகிறவர் கையால் போட்டதற்குச் சமாதானம் தேடுவதுமாக, கால்பந்து ரசிகர்கள் இரு கட்சியாக நின்று வழக்காடிக்கொண்டே இருக்கிறார்கள். வாலியை மறைந்து நின்று கொன்றது தர்மமா என்று நம்முடைய பட்டிமண்டபங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வாதத்தின் ஜாதியைச் சேர்ந்தது இந்த வாதம். ராமனுடைய பெருமையில் எள்ளளவும் ஐயம் இல்லாதவர்கள்தாமே அந்த ஓர் அம்பைப் பற்றி மனம் அமைதி கொள்ளாமல் தவிக்கிறார்கள்!

இந்தப் பிளவு ரசிகர்களிடத்தில் மட்டும் இருப்பதன்று. அன்றைய இங்கிலாந்து அணிக்குள்ளேயே இருந்தது, இருக்கிறது. கோல்கீப்பராக நின்ற பீட்டர் ஷில்டன், மரடோனா இறந்த செய்தி வந்தவுடன், அவரிடம் மகத்துவம் இருந்தது, ஆனால் விளையாட்டு வீரனுக்குரிய நேர்மை இல்லை என்று எழுதினார். கடைசி வரையில் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது அவருடைய ஆறாத மனக்குறை. அதே அணியில் ஆடி, 81-ஆவது நிமிஷத்தில் இங்கிலாந்தின் ஒரே கோலைப் போட்ட கேரி லினெக்கரோ, மரடோனாவின் இரண்டாவது கோலைக் கண்டபோது எதிர்த்து ஆடிக்கொண்டிருந்த தமக்கே கைதட்டத் தோன்றியது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரே சட்டை அணிந்து ஒரே தோல்வியைச் சுமந்து திரும்பிய இருவர், ஒரே மனிதனை இப்படி வெவ்வேறாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால், வெளியில் நின்று பார்த்த நாம் பிளவுபடுவதில் வியப்பென்ன?

முதல் கோலைப் பற்றி எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் பந்தை அப்புறப்படுத்த நினைத்து உதைத்தது பிசகி, அது வளைந்து தம் கோலை நோக்கியே உயர்ந்தது. வெளியே ஓடி வந்த ஷில்டன் மரடோனாவைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரமானவர், அத்துடன் கையை உபயோகிக்கும் உரிமையும் உடையவர். ஆகவே 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஒருவர் தலையால் அந்தப் பந்தை எட்டுவது நடவாத காரியம் என்று தோன்றிய அந்தக் கணத்தில், இடது முஷ்டி தலையோடு ஒட்டினாற்போல் எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டது. கை தவறிப் பட்டது என்று சொல்ல இடமில்லை. தலையால் முட்டியதுபோன்ற பாவனையும், ஓரக் கண்ணால் நடுவரைப் பார்த்துக்கொண்டே கொண்டாட ஓடியதும், வந்து என்னைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோல் செல்லாமல் போய்விடும் என்று தம் அணியினரை அழைத்ததாக அவரே பின்னாளில் சொன்னதும், எல்லாம் சேர்ந்து அதை முழு உணர்வோடு செய்த வஞ்சகமாக்குகின்றன. துனீசியாவைச் சேர்ந்த நடுவர் அலி பின் நாசர், பல்கேரியாவைச் சேர்ந்த எல்லை நடுவர் போக்டன் டோச்செவைப் பார்த்தார், அவர் கொடியை உயர்த்தவில்லை, கோல் ஆயிற்று. அன்று மாலை, கொஞ்சம் மரடோனாவின் தலையும் கொஞ்சம் கடவுளின் கையும் சேர்ந்து போட்டது என்று மரடோனாவே வேடிக்கையாகச் சொன்னபோது, உலகமும் சிரித்து அந்தச் சொல்லையே அந்தக் கோலுக்குப் பெயராகச் சூட்டிவிட்டது. கடவுளின் பெயரைச் சொன்னதும் குற்றத்தின் நெடி குறைந்துவிடுகிறது பாருங்கள்!

அபிமானிகள் சொல்லும் சமாதானங்களுள் மிகவும் கனமானது யுத்தம். 1982-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்கோடித் தீவுகளுக்காக, இங்கிலாந்துக்காரர் ஃபாக்லண்ட் என்றும் அர்ஜென்டினர் மால்வினாஸ் என்றும் அழைக்கும் அந்தக் காற்றடித்த கற்பாறைகளுக்காக, நடந்த போரில் அர்ஜென்டினா தரப்பில் 649 பேரும் பிரிட்டன் தரப்பில் 255 பேரும் மாண்டார்கள். அர்ஜென்டினரில் பலர் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட இருபது வயது நிரம்பாத பையன்கள். நான்கே ஆண்டு கழித்து வந்த அந்த ஆட்டத்தில் துக்கமும் அவமானமும் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. இதற்கும் முற்பட்ட இன்னொரு மனோபாவமும் உண்டு. போனஸ் ஐரிஸ் நகரத்து எல் கிராஃபிகோ பத்திரிகையின் ஆசிரியர் போரோகொட்டோ, 1928-லேயே, அர்ஜென்டினாவில் பந்தைத் தட்டித் தட்டி ஏய்த்துச் செல்லும் கலையைக் கண்டுபிடித்த சேரிச் சிறுவனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று எழுதினார்; அழுக்கு முகமும் கலைந்த தலையும் ஏமாற்றத் துடிக்கும் கண்களுமாக அந்தச் சிலை இருக்க வேண்டும் என்பது அவர் கற்பனை. வியா ஃபியோரிட்டோ என்னும் குடிசைப் பகுதியில் வளரப்போகும் மரடோனா பிறப்பதற்கு 32 ஆண்டுகள் முன்னமே அவருடைய சிலைக்கு அளவெடுத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். காலி மனையில் ஆடிப் பழகிய ஏழைச் சிறுவனுக்குச் சாதுரியம் ஒன்றே சொத்து. சட்டமும் நடுவரும் சீமான்களின் ஏற்பாடு. அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவது பாவமன்று, வெற்றி என்பது அந்த மண்ணின் நம்பிக்கை.

இவையெல்லாம் ஒரு செயலை விளங்கிக்கொள்ள உதவும், நியாயப்படுத்த உதவா. யுத்தமே காரணம் என்பவர்களை நான் கேட்க விரும்புவது ஒன்றுண்டு: 1990 உலகக் கோப்பையில், நேப்பிள்ஸ் நகரத்தில், ஜூன் 13 அன்று நடந்த ஆட்டத்தில், கோலுக்குள் புகவிருந்த சோவியத் யூனியனின் பந்தை அதே மரடோனா கையால் தடுத்தாரே, அது எந்தத் தீவுக்காக? அன்றும் நடுவர் காணவில்லை. அர்ஜென்டினா 2–0 என்று வென்றது. முதல் சுற்றோடு சோவியத் அணி ஊர் திரும்பியது. மாஸ்கோவுக்கும் போனஸ் ஐரிஸுக்கும் எந்தக் காலத்திலும் யுத்தம் நடந்ததில்லை. ஆஸ்டெகாவின் கைக்குத் தேசபக்திச் சாயம் பூசுகிறவர்கள் நேப்பிள்ஸின் கையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதே நேப்பிள்ஸ் மைதானத்தில், 2012 செப்டம்பரில், லாட்ஸியோ அணிக்காக ஆடிய ஜெர்மானியர் மிரோஸ்லாவ் க்ளோஸ, கோல் ஏதும் விழாத கட்டத்தில் தம் கையில் பட்டுப் பந்து உள்ளே போயிற்று என்று, நடுவர் கோல் என்று அறிவித்த பிறகும், தாமே ஒப்புக்கொண்டு அதை ரத்து செய்யவைத்தார். எதிர்த்து ஆடிய நேப்பிள்ஸ் நகரத்து நாபொலி அணியினர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அதன்பின் அவர்களே மூன்று கோல் போட்டு வென்றும்விட்டார்கள்! இன்று அந்த மைதானத்துக்கு மரடோனாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. க்ளோஸ செய்ததைப் பார்த்தால், அவசரத்தில், ஆவேசத்தில் எவனும் அப்படித்தான் செய்வான் என்ற வாதமும் நிற்காது. அப்படிச் செய்யாதவர் இருக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஷில்டன் கட்சிக்கு முழு ஜயம் என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். ஆட்ட நேர்மை என்பது நடுவரிடம் உண்மை சொல்வதோடு முடிகிற விஷயம் என்று அவர்கள் நினைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். மரடோனாவின் காலத்தில் மேதையைத் தடுக்கும் முறையான வழி அவன் காலை உடைப்பது என்றே பல பயிற்சியாளர்கள் கருதினார்கள். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் க்ளாடியோ ஜென்டிலே ஆட்டம் முழுவதும் அவர் சட்டையையும் காலையும் பிடித்திழுத்தே ஆடி, வெளியேற்றப்படாமல் முடித்தார். 1983 செப்டம்பரில், பார்சிலோனாவில், கொய்கோச்சியா என்ற தடுப்பாட்டக்காரர் பின்னாலிருந்து மிதித்து அவருடைய கணுக்காலை முறித்தார். 1986-இல் தென் கொரியர் முதல் ஆட்டத்திலேயே பந்தைவிட அவரைத்தான் அதிகம் உதைத்தனர். அந்த ஒரு போட்டித் தொடரில் மட்டும் அவர்மீது 53 ஃபவுல்கள். இங்கிலாந்தின் டெரி ஃபென்விக் ஒன்பதாவது நிமிஷத்திலேயே அவரை வீழ்த்தி மஞ்சள் அட்டை பெற்றவர். இப்படி விழுந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் பந்தைக் கேட்ட மனிதனிடம் நேர்மையின் ஓர் அம்சம் இருந்தது. 1982-இல் பிரேசில் வீரரை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார், 1984-இல் ஸ்பானிய மன்னர் முன்னிலையில் மைதானத்தில் அடிதடியில் இறங்கினார் என்பதும் உண்மையே. அவர் சாது அல்லர். ஆனால் நேப்பிள்ஸின் நாபொலி சங்கத்துக்கு ஆட வந்து சில மாதங்களே ஆன நிலையில், ஒரு நோயாளிக் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட, சங்கத் தலைவர் வேண்டாம் என்றும் கேளாமல், அசெர்ரா என்ற சிற்றூரின் சேற்று மைதானத்தில் போய் ஆடினாரே, அந்த மரடோனாவையும் கணக்கில் கொள்ள வேண்டாமா?

இப்போது இரண்டாவது கோலுக்கு வருவோம். எக்டர் என்ரிக்கே தம் பாதியில் கொடுத்த சாதாரணமான பந்து அது. அந்த மனிதர், நான் கொடுத்த பந்துக்கு அவன் கோல் போடாவிட்டால்தான் ஆச்சரியம் என்று பிற்பாடு வேடிக்கை செய்வதுண்டு. அதை வாங்கிச் சுழன்று, பியர்ட்ஸ்லியையும் ரீடையும் விட்டு, வலப்புறமாக விரைந்து, புட்சரைத் தாண்டி, ஃபென்விக்கைத் தாண்டி, ஷில்டனையும் தரையில் சாய்த்து, ஏறத்தாழ 60 மீட்டரைப் பத்துப் பதினொரு விநாடியில் கடந்து, பந்து இடது காலைவிட்டு அகலாமலே வலைக்குள் சேர்த்தார். கடைசியில் புட்சர் பின்னாலிருந்து சறுக்கி உதைத்தும் பயனில்லை. உருகுவேயைச் சேர்ந்த வர்ணனையாளர் விக்டர் யூகோ மொராலெஸ் ஒலிவாங்கியின் முன்னே தேம்பி அழுதார்.

இந்தக் கோலை மரடோனாவின் தனிச் சொத்தாக எல்லோரும் எழுதிவிட்டார்கள். மரடோனா எழுதவில்லை. வேறு எந்த அணியாக இருந்தாலும் நடுவழியிலேயே என்னைச் சாய்த்திருப்பார்கள், இங்கிலீஷ்காரர்கள் கண்ணியமானவர்கள், அதனால்தான் அந்தக் கோல் சாத்தியமாயிற்று என்று அவரே சொன்னார். கண்ணியம் பாதி, பயம் பாதி என்று வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது அட்டை வாங்கினால் வெளியேற வேண்டுமே என்று ஃபென்விக் தயங்கினார். நடுவர் பின் நாசரும் தம் பங்கைச் செய்தார்: வழியில் மோதல் நிகழும்போதெல்லாம் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு, ஊதாமல், ஆட்டம் தொடரட்டும் என்று கூடவே ஓடியவர் அவர். நான்கு நிமிஷத்துக்கு முன் களவைக் காணத் தவறிய அதே மனிதர், இப்போது கலையைக் கலைக்காமல் காத்தார். எதிரிகள் சிறிதளவாவது சட்டத்துக்கு அடங்கி ஆடியதால்தான் நூற்றாண்டின் கோல் பிறந்தது. அப்படியிருக்க, மேதைக்கு நேர்மை எதற்கு, அவன் மேதையாக இருந்தால் போதாதா என்று கேட்கும் அபிமானிகள், தங்கள் நாயகனுடைய மிகப் பெரிய கோல் எதன்மீது நின்றது என்பதைக் கவனித்ததில்லை. ஷில்டனைக் கையால் ஏய்த்தவருக்கு நான்கே நிமிஷத்தில் ஷில்டனின் தோழர்கள் அந்த மரியாதையைச் செய்தார்கள். அவர் அவர்களுக்குச் செய்யவில்லை.

1991-இல் கொக்கெயினுக்காகவும் 1994-இல் எஃபிட்ரின் என்னும் ஊக்கமருந்துக்காகவும் அவர் பெற்ற தடைகள், பெற்ற பிள்ளையை நெடுங்காலம் பிள்ளையென்று ஏற்காதது, பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகள் இவற்றையெல்லாம் இந்த வழக்கில் இழுப்பவர் உண்டு. எஃபிட்ரின் ஆட்டத்தைச் சேர்ந்த குற்றம், அதைச் சேர்க்கலாம். மற்றவை வேறு நியாய ஸ்தலத்துக்குரியவை. 2001-இல் தம் பிரியாவிடை ஆட்டத்தில், நான் தவறினேன், அதற்கு விலை கொடுத்தேன், ஆனால் பந்தின்மேல் கறை படியவில்லை என்று அவர் கண்ணீரோடு சொன்னபோது போனஸ் ஐரிஸ் முழுதும் அழுதது. போதைக்கு அவர் கொடுத்த விலை பெரிதே. ஆனால் ஆஸ்டெகாவின் கைக்கு அவர் எந்த விலையும் கொடுக்கவில்லை. விலை வாங்கியவர்கள்தாம் இருக்கிறார்கள்: அன்று ஹாட்ஜ் மாற்றிக்கொண்ட அவருடைய சட்டை 2022 மே மாதம் 71 லட்சம் பவுண்டுக்கும், பின் நாசர் எடுத்து வைத்திருந்த பந்து அதே ஆண்டு நவம்பரில் 20 லட்சம் பவுண்டுக்கும் ஏலம் போயின. 2015-இல் துனீசியாவுக்குச் சென்றபோது மரடோனா பின் நாசரை வீடு தேடிப் போய்ப் பார்த்து, கையெழுத்திட்ட சட்டை ஒன்றைக் கொடுத்து நண்பர் என்றும் சொன்னார். ஷில்டன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: முதல் கோல் களவு, மரடோனா அதற்குக் கடன்பட்டவராகவே இறந்தார். இரண்டாவது கோலுக்கு நிகராக நான் இன்னொன்றைக் கண்டதில்லை. முதல் கோலின் பாவம் அதன் அழகில் ஓர் அணுவையும் குறைக்கவில்லை, அதன் அழகு முதல் கோலின் பாவத்தில் ஓர் அணுவையும் கழுவவில்லை. அபிமானிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கும்போது, மரடோனாவின் காலை ஒரு முறை பார்த்துவிட்டு, அவரைச் சுற்றி ஓடியவர்களின் கால்களையும் இன்னொரு முறை பாருங்கள். நூற்றாண்டின் கோல் என்று பேசும்போது பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் என்ற பெயர்களையும் ஏமாந்தவர்களின் பட்டியலாக அல்லாமல் சற்று மரியாதையோடு சொல்லுங்கள்.