முதல் இரவின் சாவி யார் கையில்?

புலம்பெயர்வு குறித்த நம் ஆய்வுகள் கப்பலையும் கூலியையும் கடனையும் விரிவாகப் பேசியிருக்கின்றன. ஆனால், கரையிறங்கியவர் அன்று எந்த வண்டியில் ஏறினார், எந்தக் கூரையின் கீழ்ப் படுத்தார் என்ற கேள்வி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. என் வாதம் எளியது. அயல்நாட்டில் ஒருவரின் முதல் வண்டியும் முதல் படுக்கையும் எவர் பொறுப்பில் இருக்கின்றனவோ, அவரிடமே அடுத்த சில ஆண்டுகளுக்கான பேர வலிமையும் சென்று சேர்கிறது. தோட்டத் தொழிலாளர்க்குப் பொருந்திய இவ்விதி, இன்று மேற்படிப்புக்குப் புறப்படும் மாணவர்க்கும் பொருந்துகிறது.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் இணைப்பு வந்தபின் அந்த நடை ஒழிந்தது. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து ரயிலிலும் கப்பலிலும் சென்றனர். பயணம் மாறியதே தவிரச் சேரிடம் மாறவில்லை. தோட்டத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறைதான் வீடு. வழிச்செலவுக்குக் கங்காணி தந்த முன்பணம் கடனாக நின்றது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் கூரை தோட்டத்தினுடையதாகவே இருந்ததால், வேலையை விடுவதென்பது வீட்டையும் விடுவதாகவே இருந்தது.

அதே கூரையை நம் பக்கத்து இடுக்கியிலும் காணலாம். திருவிதாங்கூர் தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், போடிநாயக்கனூர் வழியாக மலையேறி மூணாற்றுத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்க்கும் வாய்த்தது லயமே. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் மாண்டபோது, அதை மழையின் கொடுமை என்று மட்டும் எழுதிக் கடந்தோர் உண்டு. தலைமுறைகளாக உழைத்த பின்னும் தாம் படுக்கும் இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாதவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதற்கு மாறான ஒரு மரபும் நம்மிடம் உண்டு. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள் அவை. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டகங்கள். பகலில் அதுவே கடை, இரவில் பாய் விரித்தால் அதுவே படுக்கை, உணவுக்குப் பொதுச் சமையல். புதிதாக வந்தவர் அயலாரின் தயவை நாடாமல் மறுநாளே தொழிலில் அமர முடிந்தது. 1970களில் நகர மறுசீரமைப்பில் அக்கட்டடங்கள் மறைந்தன. இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. கிட்டங்கி ஒரு சாதியாருக்கு, அதிலும் ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஏற்பாட்டை. அதன் வேலியை அன்று.

இன்று கைப்பேசியிலேயே வண்டியும் விடுதியும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். வண்டி கிடைக்கும், முகவரி கிடைக்காது. ஜெர்மனியைப் பாருங்கள். குடியேறிய இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் உறுதிக்கடிதம் தேவை. பயணியர் விடுதிகள் பெரும்பாலும் அக்கடிதம் தருவதில்லை. விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்டும் மாணவர், அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். வீட்டுக்காரரோ மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்வைப்புத் தொகை கேட்கலாம். அத்தொகையை மூன்று தவணைகளாகச் செலுத்தும் உரிமையும் சட்டத்தில் உண்டு. வந்திறங்கியவருக்கு அதை எடுத்துச் சொல்வார் யார்? இந்த இடைவெளியில்தான் பார்க்காத அறைக்கு முன்கூட்டியே பணம் பறிக்கும் மோசடியும், கட்டிலுக்கு ஒரு வாடகை என்று நெருக்கி அடைக்கும் இடைத்தரகும் பிழைக்கின்றன. கங்காணி மறைந்தாலும் அவர் நின்ற இடம் காலியாகவில்லை.

வடகரப்பதி போன்ற எல்லை ஊர்களிலிருந்து செல்வோர்க்குச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். ரேஷன் அட்டை கேரளத்துடையது, வீட்டு மொழி தமிழ், ஏறும் விமானம் கோயம்புத்தூரில். அயல்நாட்டில் மலையாளி சமாஜம் இவர்களைத் தமிழராகவும், தமிழ்ச் சங்கம் இவர்களைக் கேரளத்தவராகவும் எண்ணிவிடக்கூடும். வெளிநாடுவாழ் கேரளத்தவர்க்கான நோர்க்கா துறையைக் கேரளம் 1996இலேயே தொடங்கிவிட்டது. அதன் பயணத்துக்கு முந்தைய வழிகாட்டல் எல்லையூர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தமிழிலும் வர வேண்டும் என்று கேட்பது சலுகையன்று, உரிமை.

பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே. சேர்க்கைக் கடிதத்தோடு, முதல் முப்பது நாளுக்கு, அறிவிக்கப்பட்ட வாடகையில், பதிவுசெய்யத்தக்க முகவரியுடன் ஒரு படுக்கையை உறுதிசெய்யுங்கள். உதவித்தொகையின் முதல் தவணை, மாணவர் வந்திறங்கும் முன்பே கைக்கு வரட்டும். அயல்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆய்வாளர்கள் சாதி, மதம், மாநிலம் பாராத ஒரு சிறு கிட்டங்கியை ஒவ்வொரு நகரிலும் உருவாக்கலாம். வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு ஓர் அறையை எப்போதும் ஒழித்து வைத்திருந்தால் போதும். பெண் ஆய்வாளர்க்கென ஓர் அறை அதில் தனியே வேண்டும்.

வெளிநாடு சென்று திரும்பியவர்களும் அங்கேயே இருப்பவர்களும் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் நகரில் விமான நிலையத்திலிருந்து நம்பகமாக எதில் ஏறுவது, முதல் மாத வாடகை எவ்வளவு, முகவரிப் பதிவுக்கு என்ன தாள் வேண்டும் என இம்மூன்றை மட்டும் கீழே எழுதுங்கள். தொகுத்து, தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்க்கும் எட்டும்படி பொதுவில் வைக்கிறேன்.