மங்கும் பார்வை

ஐம்பொறிகளுள் தலைமை வாய்ந்தது கண். அதன் பார்வை மங்குதல், உள்ளே நிகழும் ஒரு குறையை வெளியே அறிவிக்கும் குறியாகும். அக்குறியைக் கண்டும் வாளாவிருப்போர் பலர். அவ்வாறு காலந்தாழ்த்துதலே பேரிழப்புக்குக் காரணமாகின்றது.

கண்ணுள் புகும் ஒளி விழித்திரையின்மீது குவிதல் இயல்பு. அஃது அத்திரைக்கு முன்னரே குவியுமாயின், தொலைவிலுள்ள பொருள் தெளிவாகத் தோன்றாது. இதுவே கிட்டப்பார்வை. கரும்பலகையைப் படிக்க இயலாது அருகிலிருப்பவன் ஏட்டைப் பார்த்தெழுதும் மாணவனுக்கு இக்குறை இருத்தல் கூடும். பிறர் நகைப்பர் என்றஞ்சி அவன் அதனை மறைக்கின்றான். பிறரோ அவனை மந்தன் என்கின்றனர். மூக்குக்கண்ணாடி அணிவதில் நாணத்திற்கு இடமில்லை. குறையை ஆசிரியரிடம் உடனே கூறுதலே அறிவுடைமை.

40 வயதைக் கடந்தோர்க்கு வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியே போதும். முதுமையில் வரும் கண்புரையை அறுவை மருத்துவம் நீக்கும். ஆயினும், மெல்ல வருவன யாவும் தீங்கற்றவை என்று எண்ணலாகாது. கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாகக் கவரும்; அங்ஙனம் இழந்த பார்வை மீளாது. நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைக் கெடுக்கும். ஆதலின் நீரிழிவுடையோர், பார்வை தெளிவாயிருப்பினும், ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

திடீரென வரும் மங்கலோ ஒரு நாளும் பொறுக்காது. மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகளும் கரும்புள்ளிகளும் தோன்றுதல், திரை விழுந்தாற்போல ஒருபுறம் மறைதல், கடும்வலியுடன் கண் சிவத்தல், அடிபட்டபின் பார்வை குன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று நேரினும் அன்றே மருத்துவரை நாடல் வேண்டும். மங்கலோடு வாய் கோணுதலோ, கைகால் தளர்தலோ, பேச்சுக் குழறுதலோ நேருமாயின், மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டிருத்தல் கூடும். அப்போது 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இத்தகைய வேளையில், “உடற்சூடு, தானே தணியும்” என்று கூறிப் பச்சிலைச் சாற்றையும் தாய்ப்பாலையும் கண்ணில் விடுவோர் உளர். புண்பட்ட கண்ணில் கிருமியைச் சேர்த்து, உள்ள பார்வையையும் அது போக்கிவிடும்.

தமிழ்நாட்டில் கண் மருத்துவத்திற்குக் குறைவில்லை. சென்னையில் 1819-இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை இன்றும் எழும்பூரில் பணிபுரிகின்றது. மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழையர் பலர்க்குக் கட்டணமின்றி ஒளியளித்துள்ளது. உரிய காலத்தில் அங்குச் செல்லாமையே குறை.

பாட்டி ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவதை இல்லத்தில் முதலிற் காண்பவர் பெரும்பாலும் சிறுவரே. நூலைக் கோத்துக் கொடுத்தலோடு அவர்தம் கடமை முடிவதில்லை. பாட்டியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் எடுத்துரைத்தலும் அவர்தம் கடமையே.